மெனு எங்கே போயிற்று? ஆட்டோகேட் திரையில் காணாமல் போனதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் நான் நடத்தும் டிராயிங் ஆபீசுக்கு வாரம் இரண்டு போனாவது இப்படி வரும். "அக்கா, மேல இருந்த மெனு எல்லாம் போயிட்டு." இது மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். "சேச்சி, ஃபைல் ஓப்பன் பண்ணினா பாக்ஸ் வரல்ல." இது எல்லை தாண்டிய பாறசாலைப் பக்கம். இரண்டு பேரும் அடுத்துக் கேட்பது ஒரே கேள்வி: சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா?

வேண்டாம். என்னிடம் வந்தவற்றில் மறுபடி இன்ஸ்டால் செய்துதான் சரியானது என்று சொல்ல ஒன்றிரண்டுதான் நினைவுக்கு வருகிறது. மற்றதெல்லாம் எங்கோ ஒரு ஸ்விட்ச் மாறிக் கிடந்ததுதான்.

கம்ப்யூட்டரில் படம் வரையும் இந்த ஆட்டோகேட் 1982 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. அன்றைக்கு முதல் மெனு இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. திரையின் வலது ஓரத்தில் இருந்தது, மேசைமேல் வைக்கும் டிஜிட்டைசர் பலகைக்குப் போயிற்று, மேலே ஏறியது, டூல்பாராகச் சிதறியது, ரிப்பனாக, அதாவது தலைப்புவாரியாக ஐகான்கள் அடுக்கிய பட்டையாகச் சேர்ந்தது. ஆனால் 'லைன்', 'சர்க்கிள்', 'மூவ்', 'இரேஸ்' என்ற கமாண்ட் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அதனால் எது காணாமல் போனாலும் ஐகானைத் தேடி அலையாமல், அதன் கமாண்ட் பெயரைப் பிடியுங்கள். கீழே சொல்லும் எல்லாச் சரிப்படுத்தலும் அந்த வழியில்தான் போகிறது.

கமாண்ட் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் டைப் செய்து எண்டர் தட்ட வேண்டும். குழப்பம் வரக்கூடிய பெயர்களை மட்டும் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

கீழே டைப் செய்யும் வரியே இல்லை

முதலில் இதைச் சரிசெய்துவிட வேண்டும். மற்ற வைத்தியம் எல்லாம் இந்த வரி வழியாகத்தான். கன்ட்ரோல் விசையோடு 9 அழுத்துங்கள். மூடுகிற பெருக்கல் குறியைக் கை தவறித் தொட்டிருப்பீர்கள், திரும்பி வந்துவிடும். டூல்பார், ரிப்பன் எல்லாமும் சேர்ந்து காணவில்லையென்றால் கன்ட்ரோலோடு 0 அழுத்திப் பாருங்கள். அது கிளீன் ஸ்கிரீன், அதாவது டூல்பார், ரிப்பன் எல்லாவற்றையும் ஒரேயடியாக மறைத்துப் படத்தைப் பெரிதாகக் காட்டும் நிலை. டைப் செய்யும் வரியை அது மறைக்காது. பிளாட் செய்யும், அதாவது பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கும் முன் படத்தைப் பெரிதாகப் பார்க்க யாரோ போட்டிருப்பார்கள், எடுக்க மறந்திருப்பார்கள்.

2013 வெர்ஷனில் இருந்து இந்த வரி பழையபடி அடியில் மூன்று வரியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒற்றைப் பட்டையாக மிதக்கிறது. படத்தின் நடுவில் வந்து மறைக்கிறதென்றால் இடது ஓரத்து முனையைப் பிடித்து அடிவிளிம்புக்கு இழுங்கள், ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஓடியதைப் பார்க்க எஃப்2.

ஃபைல், எடிட், வியூ, இன்சர்ட் என்று மேலே ஓடும் வரிசை காணவில்லை

பழைய புத்தகம் வைத்துப் படித்து வந்தவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. ஐடிஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்த ஒரு பையன் எங்களிடம் சேர்ந்த முதல் நாள் அரை மணி நேரம் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மடியில் நோட்டு. அதில் 'டிரா மெனு, லைன்' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். திரையில் டிரா என்ற மெனுவே இல்லை. கேட்கக் கூச்சம். நான் போய் அவன் தோளுக்கு மேல் கை நீட்டி ஒரு சொல் டைப் செய்தேன், நோட்டில் இருந்தது அப்படியே மேலே வந்து நின்றது.

அந்தச் சொல் 'மெனுபார்'. டைப் செய்து எண்டர் தட்டினால் மதிப்பு கேட்கும். 1 கொடுங்கள். வேண்டாமென்றால் 0. டைப் செய்யத் தோன்றாவிட்டால் திரையின் உச்சியில், சேவ், அன்டூ ஐகான்கள் இருக்கும் சின்னப் பட்டையின் முடிவில் கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பட்டியலில் 'ஷோ மெனு பார்' என்று இருக்கும்.

ஏன் இப்படி ஒளிந்தது என்று தெரிந்தால் அடுத்த முறை பதற்றம் வராது. இந்த இறங்கும் மெனு 1987-இல், ரிலீஸ் 9-இல் வந்தது. அதற்கு முன் வலது ஓரத்தில் ஒரு எழுத்துப் பட்டி, அதற்கு ஸ்கிரீன் மெனு என்று பெயர். தலையில் 'ஆட்டோகேட்' என்று இருக்கும். அதன் அடியில் நான்கு நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தொட்டால் எண்ட்பாயின்ட், மிட்பாயின்ட் என்று, புள்ளியைச் சரியாகப் பிடிக்க உதவும் ஸ்னாப் பட்டியல் விரியும். மார்த்தாண்டத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் டாஸில் ரிலீஸ் 12 ஓட்டியவர். விண்டோஸ் வந்த பிறகும் அவர் கண் வலது ஓரத்துக்குத்தான் முதலில் போகும். டிஜிட்டைசர் பலகையைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கட்டம் கட்டமாகக் கமாண்ட் அச்சிட்ட தாளைப் பலகைமேல் ஒட்டி, கையில் பிடிக்கும் 'பக்' என்ற சுட்டியால் கட்டத்தைத் தொட்டால் கமாண்ட் ஓடும். அந்தப் பலகையில் நான்கு மெனுப் பகுதிகள் வரை பிரிக்கலாம்.

2008 மார்ச்சில் வந்த 2009 வெர்ஷனில் ரிப்பன் மேலே ஏறியது, இறங்கும் மெனு உள்ளே போயிற்று. ஆனாலும் 'ஆட்டோகேட் கிளாசிக்' என்று ஒரு ஒர்க்ஸ்பேஸ், அதாவது சேமித்து வைத்த திரை அமைப்பு, விட்டுவைத்திருந்தார்கள், பழகியவர்கள் அதில் ஒதுங்கிக்கொண்டோம். 2015 வெர்ஷனில் அந்தக் கிளாசிக்கும் பட்டியலில் இருந்து போயிற்று. அதன் பாகங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, சேர்த்துக் கட்டுவது நம் வேலை.

'மெனுபார்' 1 கொடுங்கள். மெனுவில் டூல்ஸ் திறந்து, டூல்பார்ஸ், அதற்குள் ஆட்டோகேட் என்று போனால் முழுப் பட்டியல் விரியும். ஸ்டாண்டர்ட், லேயர்ஸ், பிராப்பர்ட்டீஸ், டிரா, மாடிஃபை இந்த ஐந்தும் போதும். ஒவ்வொன்றாக டிக் செய்து, டிராவை இடது ஓரத்திலும் மாடிஃபையை வலது ஓரத்திலும் ஒட்டுங்கள். பிறகு 'ரிப்பன்குளோஸ்'. எல்லாம் இடத்தில் உட்கார்ந்ததும் வலது அடியில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு 'சேவ் கரன்ட் ஆஸ்' கொடுத்து 'கிளாசிக்' என்று பெயர் வையுங்கள். பெயர் வைத்துச் சேமிப்பதை விட்டுவிட்டால், இன்னொருவர் ஒர்க்ஸ்பேஸ் மாற்றிய அந்த நொடியே நீங்கள் அடுக்கியதெல்லாம் போய்விடும்.

புதிதாகக் கற்பவர்களை நான் கிளாசிக்கில் உட்கார வைப்பதில்லை. ரிப்பனில் ஐகான்மேல் சுட்டியைச் சற்று நிறுத்தினால் விளக்கத்தோடு கமாண்ட் பெயரும் வருகிறது. பார்த்துப் பார்த்து ஒரு மாதத்தில் பெயர் மனதில் ஏறிவிடும், அப்புறம் எந்த மெனு வந்தாலும் கவலையில்லை. 2015-க்குப் பிந்தைய வெர்ஷனில் ஹெல்ப் பக்கத்தில் ஒரு கமாண்டைத் தேடினால், பக்கத்திலேயே 'ஃபைண்ட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் திரையில் அம்பு தோன்றி அந்த ஐகான் இருக்கும் இடத்தைக் காட்டும். பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே காட்டுவது இதைத்தான்.

ரிப்பனில் தலைப்பு மட்டும் இருக்கிறது, ஐகான்கள் இல்லை

சுருங்கியிருக்கிறது. ஹோம், இன்சர்ட், அனோடேட் என்ற தலைப்புகளின் முடிவில் ஒரு சின்ன அம்பு இருக்கும், விரியும்வரை அதைத் தொடுங்கள். ரிப்பன் முழுதாகவே இல்லை என்றால் 'ரிப்பன்' என்று டைப் செய்யுங்கள். ரிப்பன் வந்து, உள்ளே ஒரு தலைப்புகூட இல்லாமல் வெறும் பட்டையாக நின்றால் பல்சக்கரத்தில் 'டிராஃப்டிங் அண்ட் அனோடேஷன்' ஒர்க்ஸ்பேஸைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

ஓப்பன் கொடுத்தால் பெட்டி திறக்கவில்லை, கீழே ஃபைல் பெயரைக் கேட்கிறது

பாறசாலைப் பையன் சொன்னது இது. மதிப்பைப் பார்க்க 'ஃபைல்டயா' என்று டைப் செய்யுங்கள். ஃபைல் என்ற சொல்லோடு D, I, A மூன்று எழுத்தையும் ஒட்ட வேண்டும். 0 என்று காட்டும். 1 ஆக்குங்கள், முடிந்தது.

அவசரத்துக்கு இன்னொரு வழி: பெயர் கேட்கும் இடத்தில் ~ குறி மட்டும் போட்டு எண்டர் தட்டினால் அந்த ஒரு தடவைக்குப் பெட்டி திறக்கும்.

இது எப்படி 0 ஆயிற்று? நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். எங்கிருந்தோ எடுத்த லிஸ்ப் ஃபைல், அதாவது ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சின்ன நிரல், மாற்றியிருக்கும். நூறு டிராயிங்கை வரிசையாகத் திறந்து சேமிக்கிற மாதிரியான லிஸ்ப், பெட்டி குறுக்கே வராமலிருக்க முதலில் ஃபைல்டயாவை 0 ஆக்கும், வேலை முடிந்ததும் 1 ஆக்கும். நடுவில் பொறுமை இழந்து நீங்கள் எஸ்கேப் தட்டினால் அந்தக் கடைசி வரிக்குப் போகாமலே நின்றுவிடும். இந்த மதிப்பு டிராயிங்கில் உட்காராமல் கம்ப்யூட்டரிலேயே பதிந்துவிடுவதால், மூடித் திறந்தாலும், வேறு ஃபைல் எடுத்தாலும் 0-தான் இருக்கும். திரும்பத் திரும்ப இந்தக் கோளாறு வருகிறதென்றால் எந்த லிஸ்ப் ஓட்டிய பிறகு வருகிறது என்று கவனியுங்கள்.

ரைட் கிளிக் செய்தால் எண்டர் ஆகாமல் பட்டியல் விரிகிறது

ரிலீஸ் 14-இல் கை பழகியவர்களுக்கு ரைட் கிளிக் என்றால் எண்டர். 2000 வெர்ஷனில் இருந்து ரைட் கிளிக்குக்குத் தனிப் பட்டியல் வந்தது. பழையபடி வேண்டுமானால் 'ஷார்ட்கட்மெனு' டைப் செய்து 0 கொடுங்கள்.

நான் அப்படி வைப்பதில்லை. ஆப்ஷன்ஸ் திறந்து யூசர் பிரிஃபரன்சஸ் பக்கத்தில் 'ரைட் கிளிக் கஸ்டமைசேஷன்' என்று இருக்கும். அதில் முதல் கட்டம், நேரத்தைப் பார்த்து நடக்கும் ரைட் கிளிக். அதை டிக் செய்தால் சட்டென்று தட்டினால் எண்டர், சற்று அழுத்திப் பிடித்தால் பட்டியல். பழைய கையும் புதிய கையும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரும் ஆபீசுக்கு இதுதான் சரி.

டைப் செய்த புள்ளி வேறு எங்கோ போய் விழுகிறது

பார்த்தால் மெனுவோடு சம்பந்தமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் திரை மாறியதால் வந்த கோளாறுகளில் பணம் விழுங்குவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2006 வெர்ஷனில் டைனமிக் இன்புட் வந்தது. கீழே டைப் செய்ததெல்லாம் சுட்டியின் பக்கத்திலேயே சின்னக் கட்டத்தில் டைப் ஆகும். வசதிதான். ஆனால் அதோடு கணக்கும் மாறியது. முன்பெல்லாம் இரண்டாவது புள்ளிக்கு வெறும் எண் கொடுத்தால் அது மூலப்புள்ளியில் இருந்து அளந்த எண். முந்தைய புள்ளியில் இருந்து வேண்டுமென்றால் நாமே முன்னால் @ போட வேண்டும். டைனமிக் இன்புட் ஓடும்போது, கட்டத்தில் அடிக்கும் இரண்டாவது புள்ளி முதலே, @ போடாவிட்டாலும் முந்தைய புள்ளியில் இருந்துதான் அளக்கும்.

ஒரு மனை எடுத்துக்கொள்வோம். அகலம் 12.40 மீட்டர், நீளம் 18.20 மீட்டர். நான்கு மூலை: 0,0 பிறகு 12.40,0 பிறகு 12.40,18.20 பிறகு 0,18.20. பழைய முறையில் டைப் செய்தால் செவ்வகம். பரப்பு 225.68 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கணக்கில் ஐந்தரை சென்டுக்குச் சற்று மேல், பாறசாலைப் பக்கத்துப் பத்திரத்தில் 2.26 ஆர் (ஒரு ஆர் 100 சதுர மீட்டர்). இதே எண்களை டைனமிக் இன்புட்டில் அப்படியே அடித்தால் மூன்றாவது மூலை 24.80,18.20-இல் விழும், நான்காவது 24.80,36.40-இல். 'குளோஸ்' கொடுத்தால் கோணலாக ஒரு வடிவம் மூடும். அதன் பரப்பு 338.52 சதுர மீட்டர், எட்டேகால் சென்டுக்கும் மேல்.

செவ்வக மனையென்றால் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆறேழு மூலையுள்ள கோணல் மனையில், அதுவும் ரப்பர் தோட்டத்துக்கும், தோடு என்று நாங்கள் சொல்லும் ஓடைக்கும் நடுவில் வளைந்து போகிற எல்லையில், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஆபீசில் ஒருமுறை அப்படி வரைந்ததை, பரப்பைப் பத்திரத்தோடு ஒப்பிட்ட கடைசி நேரத்தில்தான் பிடித்தோம். அன்றிலிருந்து எல்லை வரைந்த உடனே 'ஏரியா' கமாண்ட் ஓட்டி, வந்த எண்ணைப் பத்திரத்து எண்ணின் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை.

சரிசெய்ய வழி மூன்று. எஃப்12 அழுத்தினால் டைனமிக் இன்புட் அணைந்து பழைய கணக்கு வரும். அணைக்காமல் ஒரு புள்ளியை மட்டும் மூலத்தில் இருந்து கொடுக்க எண்ணுக்கு முன் # போடுங்கள். எப்போதுமே மூலத்தில் இருந்து வேண்டுமென்றால் 'டைன்பிகோஆர்ட்ஸ்' மதிப்பை 1 ஆக்குங்கள். D, Y, N, P, I என்ற ஐந்து எழுத்தும் அதன் பின் கோஆர்ட்ஸும். இரண்டும் சேருமிடத்தில் ஒரு சி-தான் வரும். @ போட்டே பழகியவர்கள் எதையும் தொட வேண்டாம், அவர்களுக்கு இரண்டு நிலையிலும் ஒரே பதில்தான்.

ஹேட்ச், அரே, இன்சர்ட் கொடுத்தால் பழைய பெட்டி வரவில்லை

2011 வெர்ஷனில் இருந்து, பரப்பைக் கோடு, டிசைனால் நிரப்பும் ஹேட்ச் கொடுத்ததும் ரிப்பனில் தனிப் பக்கம் திறக்கிறது. பெட்டி வேண்டுமானால் ஹேட்ச் ஓடும்போதே T தட்டி எண்டர், பழைய பெட்டி வந்துவிடும். எப்போதும் அதுதான் வேண்டுமென்றால் H, P, D, L, G என்ற ஐந்து எழுத்தும் பின்னே 'மோட்' என்ற சொல்லும் சேர்த்து அடித்து 1 கொடுங்கள். ஹேட்சில் மட்டும் ரிப்பன் பக்கமே மேல் என்பது என் அனுபவம். டைல்ஸ் பேட்டர்னின் ஸ்கேலை மாற்ற மாற்றப் படத்திலேயே தெரிகிறது.

ஒன்றையே வரிசையாகப் பல பிரதி போடும் அரேவுக்குப் பழைய பெட்டி 'அரேகிளாசிக்'. முன்பே செய்துவைத்த பிளாக்கைப் படத்தில் போடும் இன்சர்ட் 2020 வெர்ஷனில் இருந்து பிளாக்ஸ் பலகையாக மாறியது, பழையது 'கிளாசிக்இன்சர்ட்'. லேயருக்கு 'கிளாசிக்லேயர்'. அரேவுக்கு மட்டும் கிளாசிக் பின்னால் வரும், மற்ற இரண்டுக்கும் முன்னால். இதை மாற்றி அடித்துவிட்டுக் கமாண்டே இல்லை என்று சொல்பவர்கள் நிறைய.

ஆபீசுக்கென்று செய்துவைத்த மெனு புது கம்ப்யூட்டரில் வேலை செய்யவில்லை

என் மனதுக்கு மிகவும் நெருங்கியது இந்தப் பகுதி. எங்கள் மாதிரி எல்லை ஊர் ஆபீசில் சொந்த மெனு இல்லாமல் வேலை ஓடாது. குழித்துறையில் வீடு கட்டுபவர் அடி, அங்குலத்தில் கேட்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாம் மீட்டர். இங்கே 9 அங்குலச் செங்கல் சுவர், அங்கே 20 சென்டிமீட்டர் பிளாக் சுவர். பரப்பு இங்கே சென்ட், அங்கே ஆர். இதற்கு மேல், வாஸ்து பார்க்கிறவர்கள் அறையின் சுற்றளவைக் கோல், விரல் கணக்கில் கேட்பார்கள். ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அது 24 விரல், ஒரு விரல் 3 சென்டிமீட்டர். இத்தனைக்கும் எங்கள் மெனுவில் தனித்தனிப் பொத்தான் உண்டு.

இதற்கு விதை போட்டது சார் கொடுத்த ஒரு மெனு ஃபைல். எம், என், யு என்று முடியும் பழைய வகை. நோட்பேடில் திறந்தால் படிக்கிற மாதிரியே இருக்கும். சதுர அடைப்புக்குள் 'சுவர்' என்பது மாதிரி ஒரு பெயர், மெனுவில் தெரிவது அதுதான். அதன்பின் கேரட் (^) குறியோடு சி, இரண்டு முறை. அது பாதியில் நிற்கும் கமாண்ட் எதுவானாலும் நிறுத்திவிட்டு வா என்ற கட்டளை. டாஸ் காலத்தில் கன்ட்ரோல் சி-தான் நிறுத்தும் விசை. பிறகு அடிக்கோடு போட்டுக் கமாண்ட் பெயர். செமிகோலன் வந்தால் எண்டர் தட்டியதாக அர்த்தம். பேக்ஸ்லாஷ் வந்தால் அங்கே நின்று நம் சுட்டிக்காகக் காத்திருக்கும். இந்த நாலு குறி தெரிந்தால் பொத்தான் செய்ய வேறு படிப்பு வேண்டாம். இன்றைய வெர்ஷனிலும் மேக்ரோ, அதாவது பொத்தானுக்குள் எழுதும் கட்டளை வரி, இதே இலக்கணம்தான். அந்த ஃபைலில் நான் கற்றதை வைத்துத்தான் இப்போதும் பொத்தான் எழுதுகிறேன்.

ஃபைல் வகை மட்டும் மாறியது. 2006-இல் சி, யு, ஐ என்று முடியும் ஃபைல். 2010-இல் அதோடு எக்ஸ் சேர்ந்தது. இப்போது அறிகுறிகளுக்கு வருவோம்.

மெனுவே வரவில்லை என்றால் 'சியுஐலோட்' கமாண்டில் உங்கள் ஃபைலைக் காட்டி லோட் கொடுங்கள். பழைய வகை ஃபைலாக இருந்தால் 'சியுஐ' கமாண்டில் டிரான்ஸ்ஃபர் பக்கத்தில் திறந்து, வேண்டிய மெனுவை இழுத்துப் புது ஃபைலுக்குள் போடலாம். பழைய ஃபைலின் நகல் ஒன்றை முதலில் தனியாக எடுத்து வையுங்கள்.

மெனு வந்துவிட்டது, பொத்தானைத் தொட்டால் 'அன்னோன் கமாண்ட்' என்கிறது. அப்படியென்றால் மெனு வந்தது, லிஸ்ப் வரவில்லை. மெனுவின் அதே பெயரில், எம், என், எல் என்று முடியும் ஒரு லிஸ்ப் ஃபைல் கூடவே இருக்கும். மெனுவை லோட் செய்தால் அதுவும் தானாக லோட் ஆகும். பென்டிரைவில் மெனுவை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமாக நடப்பது. அதையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். போட்ட பிறகும் எச்சரிக்கைப் பெட்டி வந்து லிஸ்பைத் தடுக்கிறதென்றால், 2014 வெர்ஷன் முதல் நம்பகமான ஃபோல்டரில் இருந்து வராத லிஸ்பைக் கேட்காமல் ஓட்டாது. ஆப்ஷன்சில் ஃபைல்ஸ் பக்கத்தில் 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரைச் சேருங்கள். தடுப்பையே அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். லிஸ்ப் வழியாகப் பரவும் வைரஸ் உண்டு, அணைக்காதீர்கள்.

ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் மேகமும் கேள்விக்குறியும் தெரிந்தால் படம் மட்டும் காணவில்லை, பொத்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. சுவர்ப் பொத்தானைத் தொட்டால் சுவர் வராமல் லேயர் பலகை திறந்து நிற்கிறது. சாரின் மெனுவைப் புது வெர்ஷனில் போட்டபோது எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க இழுத்தது இதுதான். ரிலீஸ் 12-இல் 'லேயர்' என்றால் கீழே வரியில் கேள்வி கேட்கும் கமாண்ட். பெட்டி வேண்டுமென்றால் அதற்கு வேறு பெயர். பின்னால் வந்த வெர்ஷன்களில் 'லேயர்' என்றாலே பெட்டி. வரியில் கேட்க வேண்டுமானால் முன்னால் ஒரு சின்னக் கோடு (-) சேர்க்க வேண்டும். மேக்ரோவைத் திறந்து லேயர் என்ற சொல்லுக்கு முன் அந்தக் கோடு ஒன்றை வைத்தேன், ஓடிவிட்டது. இன்சர்ட், ஹேட்ச் போன்றவை வரும் பழைய மேக்ரோக்களுக்கும் இதே மருந்து. சாருக்கு அன்றே போன் செய்து சொன்னேன். "ஒரு கோடுதானா மக்களே?" என்றார்.

ஆர்த்தோ, ஓஸ்னாப் என்ற எழுத்துகளும் ஓடும் எண்களும் அடியில் இல்லை

2015-இல் எழுத்து போய் ஐகான் மட்டும் ஆயிற்று. விசைகள் பழையவைதான்: எஃப்3 ஓஸ்னாப் (புள்ளியைச் சரியாகப் பிடிக்க), எஃப்8 ஆர்த்தோ (கோடு நேராகப் போக). சுட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் அந்த ஓடும் எண்கள் வேண்டுமானால் வலது அடி மூலையில் மூன்று கோடு போட்ட ஐகானைத் திறந்து 'கோஆர்டினேட்ஸ்' டிக் செய்யுங்கள்.

எக்ஸ்பிரஸ் மெனு இல்லை

கூடுதல் கருவிகள் இருக்கும் மெனு இது. முதலில் 'எக்ஸ்பிரஸ்டூல்ஸ்', பிறகு 'எக்ஸ்பிரஸ்மெனு' டைப் செய்து பாருங்கள். வராவிட்டால் உங்களிடம் இருப்பது ஆட்டோகேட்டின் விலை குறைந்த பதிப்பான எல்டி-யா என்று பாருங்கள். எல்டி-யில் எக்ஸ்பிரஸ் டூல்ஸ் கிடையாது. 2024-க்கு முந்தைய எல்டி-யில் லிஸ்பும் ஓடாது, அதனால் மேலே சொன்ன சொந்த மெனுப் பொத்தான்களில் லிஸ்ப் உள்ளவை அதில் வேலை செய்யாது.

டூல்பார்கள் சிதறி, பாதி திரைக்கு வெளியே, எதுவும் நகரவில்லை

இரண்டு மானிட்டர் வைத்திருந்து ஒன்றைக் கழற்றினால் இப்படி ஆகும். நகரவே இல்லையென்றால் பூட்டு விழுந்திருக்கும். 'லாக்யுஐ' மதிப்பை 0 ஆக்குங்கள். பிறகு பல்சக்கரத்தில் நீங்கள் சேமித்த ஒர்க்ஸ்பேஸை மறுபடி தேர்ந்தெடுத்தால் எல்லாம் தன் இடத்துக்கு வரும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் ரீசெட். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் 'ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்' இருக்கிறது. அது எல்லாவற்றையும் முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோய்விடும், நம் மெனுவும் சேர்ந்து போகும். அதனால் முன்கூட்டி ஆப்ஷன்சில் புரொஃபைல்ஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து வரும் ஃபைல், உங்கள் மெனு ஃபைல், அதே பெயருள்ள லிஸ்ப் ஃபைல், சுருக்கெழுத்துகள் இருக்கும் பிஜிபி ஃபைல், சொந்தமாகச் செய்த ஹேட்ச் பேட்டர்ன்கள், இவ்வளவையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள். எங்களிடம் அந்த ஃபோல்டர் ஒரு பென்டிரைவில் சாவிக்கொத்தோடு தொங்குகிறது. மெனுவில் புதிதாகப் பொத்தான் சேர்த்தவர்தான் அன்று மாலை அதில் நகல் போட்டுவிட்டுப் போக வேண்டும்.